வேனிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள்

காரின் சாவியை உருவிய பிறகும் ரேடியோ ஒரு பெயரைச் சொல்லி முடித்தது. லுப்வாமா கதவில் காதை வைத்துப் பார்த்தான். தகரம் அதிராமலிருக்கப் பழைய மிதியடியை வெட்டி ஒட்டியிருந்த இடத்துக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமியது போல ஒரு கரகரப்பு, அதைத் தொடர்ந்து ரப்பர் கருகும் வாசனை, அவ்வளவுதான்.

கம்பாலாவில் ஓடும் முக்கால்வாசிக் கார்களைப் போல அவன் வண்டியும் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தது. சாவி போட்டதும் அதன் கம்பெனி ஸ்டீரியோ ஜப்பான்காரி குரலில் ஏதோ கொஞ்சும். உள்ளூர் ஸ்டேஷன் ஒன்றையும் பிடிக்காது. வாடகைக்கு ஏறுகிறவர்கள் முகம் சுளித்தார்கள். புது செட் வாங்க மனம் வரவில்லை. உள்ளூர் அலைவரிசையை இழுத்துக் கொடுக்கும் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று, முன்கதவுகளுக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர். அதோடு முடித்துவிட நினைத்தான்.

உதிரிபாகச் சந்தையில் கடைக்காரன் முகாசா அந்த ஸ்பீக்கர்களைக் கையில் கொடுக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இது வேணாம் சலோங்கோ. சாவு சேதி படிச்சிட்டுத் தெருத்தெருவாப் போன வேன்ல இருந்தது. ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாங்க."

"அப்ப ரெண்டு தடவை வித்த சரக்கு. உன் லாபம் வந்தாச்சு. எனக்கு என்ன விலை?"

"விலைக்காகச் சொல்லலப்பா."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பீங்க. செத்தவன் பேரு சொன்ன வாய்க்கு, உசுரோட இருக்கிறவன்கிட்டயா காசு புடுங்குவே?"

இரட்டைப் பெண்களைப் பெற்ற நாளிலிருந்து ஊரே அவனைச் சலோங்கோ என்றுதான் கூப்பிட்டது. அந்த மரியாதைக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் வாங்கினான்.

கதவுகளில் மாட்டியும் பாட்டு வரவில்லை. எந்த எண்ணில் நிறுத்தினாலும் சற்று நேரத்தில் சாவு அறிவிப்புக்கே நழுவியது. ஈரத்துணியைப் பிழிவது போன்ற ஓர் ஆண்குரல். பெயர், பெற்றவர் பெயர், ஊர், 'இறந்துவிட்டார்', அதன் பின் துக்க வீட்டு விலாசம். எதையும் இரண்டாம் முறை படிக்காது. தெருமுனையில் சப்பாத்திக் கடை போட்டிருந்த கிகுண்டுவின் பெயரை அது படித்தபோது, கிகுண்டு அவன் கண்ணெதிரே முட்டை உடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அந்த அடுப்பு எரியவில்லை.

வேறொருவன் ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்திருப்பான். லுப்வாமா வண்டியைக் கழுவினான். அழுகுரல் கிளம்பும்போதே அந்தந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அடக்கத்துக்குச் சொந்த ஊர் போகக் கார் வேண்டும். அழுகிறவர்கள் அதிகம் பேரம் பேசமாட்டார்கள். "ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றால், "காத்துவாக்குல கேள்விப்பட்டேம்மா" என்பான். பொய்யில்லை. நாளடைவில் 'இறந்துவிட்டார்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அவன் காது நிமிரப் பழகியது. விலாசம் அதற்குப் பிறகுதானே வரும். பெயர் அவனுக்கு எதற்கு?

அன்று பள்ளி விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பின்னிருக்கையில் அவன் இரட்டைப் பெண்கள், பாபிரியேயும் நகாட்டோவும், ஆளுக்கொரு ஜன்னலோரம். நெரிசலில் வண்டி நகரவில்லை. ஏற்றிய ஜன்னல்களுக்குள் ஈரச் சீருடையும் வறுத்த கடலையும் கலந்த வாடை. அவன் போனில் ஒரு துக்க வீட்டுக்காரரோடு வாடகை பேசிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே. வீட்ல சாவு விழுந்திருக்கு."

"ஒங்க துக்கம் எனக்குத் தெரியுதுய்யா. என் டயருக்குத் தெரியலையே."

ரேடியோ ஏதோ ஒரு பெயரைச் சொல்லிப் போனது. அவன் கவனிக்கவில்லை.

"...சலோங்கோ லுப்வாமாவின் மகள்..."

போன் மடியில் விழுந்தது.

"...நாடேட்டேயைச் சேர்ந்தவர், பறந்துவிட்டார்."

இறந்துவிட்டார் என்று படிக்கவில்லை. இரட்டையரில் ஒருவர் போனால் அங்கே யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. பறந்துவிட்டார் என்றுதான் சொல்வார்கள்.

பிறகு விலாசம். அவன் வீட்டு விலாசம்.

எந்தப் பெயர்? ஒலியைக் கூட்டினான். வேறு யாருடைய பெயரோ ஓடிக்கொண்டிருந்தது. மடியில், "அண்ணே, இருக்கீங்களா?" என்றது போன்.

"பாபிரியே."

"என்னப்பா?"

"நகாட்டோ."

"என்னப்பா?"

இரண்டும் ஒரே குரல். எப்போதும் அப்படித்தான். ஆனால் வந்தது பின்னாலிருந்தா? கதவிலிருந்தா? இடது கதவு. வலது கதவு.

திரும்ப முடியவில்லை. முன்னால் தொங்கிய கண்ணாடியை மட்டும் பார்த்தான். இருவரும் இருந்தார்கள். ஒட்ட வெட்டிய ஒரே தலை. ஒரே சிரிப்பு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, எவள் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜன்னலில் மூக்கை அழுத்தி இருவரும் ஊதினார்கள். ஒரு ஜன்னலில் ஆவி படர்ந்தது. அவள் விரலால் ஒரு பூ வரைந்தாள்.

மற்றவளும் ஊதினாள். மறுபடி ஊதினாள். வெளியே வழியும் ஒவ்வொரு மழைத்துளியும் துல்லியமாகத் தெரிந்தது. கன்னம் உப்ப இன்னும் ஒரு முறை ஊதிவிட்டு, ஆவி படியாத அந்த வெறும் ஜன்னலில் அவளும் சிரித்துக்கொண்டே வரையத் தொடங்கினாள்.