களிமண் பூசிய மூடி

மாலை ஐந்து மணிக்குள் ஜெரோமை ரிமாண்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூன்று மணிக்கு அவன் மனைவி கிரேசி சக்கரபாணியின் வாசலில் வந்து நின்றாள்.

"நேத்தே பெண்ணாடத்துக் கல்யாணத்துக்குப் போயித் தங்கிட்டோங்க. கொட்டகையில சாராய ஊறல் இருந்துச்சுன்னு, இன்னிக்கு மத்தியானம் பஸ்ஸ வுட்டு எறங்கறப்பவே இவரப் புடிச்சுட்டாங்க. சாராயத்துல அண்ணனப் பறிகொடுத்தவரு, ஊறல் போடுவாரா?"

போலீஸ் மதுவிலக்குப் பிரிவில் முப்பது வருடம் கள்ளச்சாராய ஊறல்களைத் தேடிக் கொட்டி ஓய்வு பெற்றவர் சக்கரபாணி. செருப்பை மாட்டினார். அவருடைய அண்ணன் மகள் மதிவதனி, தாவரவியல் ஆசிரியை, கூப்பிடாமலே கிளம்பினாள்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஜெரோமும் அன்புச்செல்வனும் கூட்டாக நடத்தும் கொட்டகை அது. ஜன்னல் கிடையாது. உள்ளே இடுப்புயர ஜாடி. மூடியைச் சுற்றிப் பூசிய களிமண்ணை ஒரு பக்கம் மட்டும் போலீஸ் பெயர்த்திருந்தது. வாசலில் இன்ஸ்பெக்டர் கார்முகில்.

"சாவி எங்க ரெண்டு பேருகிட்டதான் இருக்குது. நான் அஞ்சாறு நாளா சென்னையில இருந்துட்டு இன்னிக்குக் காலையிலதான் வந்தேன். அஞ்சு நாள் ஊறலு சார் இது" என்றான் அன்புச்செல்வன்.

சக்கரபாணி மிச்சமிருந்த களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தினார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டார். மதிவதனி மிதந்த பட்டை ஒன்றை எடுத்தாள்.

"வெள்வேலம்பட்டை, சித்தப்பா. பட்டைச் சாராயம்னு பேரு வந்ததே இதாலதான்."

"ஒடச்சுப் பாரு."

படக்கென்று ஒடிந்தது. உள்ளே காய்ந்திருந்தது.

"அஞ்சு நாள் ஊறியிருந்தா இது நாரா வளையும்" என்றார் சக்கரபாணி. "திராட்சையோ, பார்லியோ, பனங்கள்ளோ, புளிக்கிறது எதுவும் மூச்சு வுடும். ஊறல் போடறவன் துணிதான் கட்டுவான். மண்ணு பூசி அடைச்சா ரெண்டே நாள்ல மூடி தெறிச்சிடும். இது பீங்கான்காரன் கைப்பழக்கம்."

"ஜெரோமும் பீங்கான்காரன்தானே?" என்றார் கார்முகில்.

"சித்திரைச் சூட்டுல மண்ணு இன்னும் ஈரமா இருக்குது. என் வெரலு உள்ள போச்சு. காலையில பூசினது. காலையில ஜெரோம் பெண்ணாடத்துல, கோயில் ஜனத்தோட பந்தியில. சாவி வெச்சிருக்கற இன்னொருத்தரு காலையில எங்க இருந்தாரு, அன்பு?"

அன்புச்செல்வன் வாசலைப் பார்த்தான். கார்முகில் நகரவில்லை.

"பாட்டன் காலத்துலேருந்து இந்த மண்ணு, இந்தச் சூளை" என்றான் அவன், தரையைப் பார்த்து. "வித்துட்டுப் போயிடலாம்னா அவன் கையெழுத்துப் போட மாட்டேங்கறான். நான் எப்பதான் வெளிய போறது?"

ஐந்து அடிக்கக் கால் மணி இருக்கையில் ஜெரோமை விட்டார்கள். அன்பு சொன்னதைக் கேள்விப்பட்டு ஸ்டேஷன் படியிலேயே நின்றுவிட்டான்.

"வூட்டுக்கு வாங்க" என்றாள் கிரேசி.

"அந்த ஜாடி?"

"சாட்சிக்கு வெச்சிருக்காங்க."

"மூடி?"

"தெறந்துதான் இருக்குது."

"அவனையும் நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன்" என்றான். அதன் பிறகே படியிறங்கினான்.