முன்பக்கம் எது?

தையற்காரர் மாமாவுக்குத் தன் கைபேசி மீது அப்படி ஒரு நம்பிக்கை. சட்டைத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் மூன்று தரம் அளந்து பார்ப்பார். ஆனால் கைபேசியில் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், "மழை பெய்யுதுன்னு போட்டிருக்கே!" என்று குடையோடு கிளம்பிய ஆள் அவர்.

அவருடைய அக்கா மகளை வீட்டில் எல்லோரும் 'கேள்வி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பதற்குள் அவள் உங்களிடம் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

இருவரும் இப்போது ரயிலில் இருந்தார்கள். கேள்வியின் மடியில் ஒரு மஞ்சள் குடை இருந்தது.

அவளுடைய உயிர்த்தோழி பஞ்சு இன்று மாலை கப்பல் ஏறுகிறாள். தலைமுடி பஞ்சு மாதிரி பறந்துகொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அப்பாவுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம். இனி எப்போது பார்ப்போமோ தெரியாது.

"கரையில எவ்வளவு பேர் நிப்பாங்க! நீ வந்தியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று விடைபெற வந்த அன்று பஞ்சு அழுதாள்.

"என் மஞ்சள் குடையை மூணு தரம் விரிச்சு மடக்குறேன். நீயும் உன் பச்சைக் குடையை அதே மாதிரி செய். சரியா?"

கப்பல் கிளம்புவதற்குள் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும் ரயில் இது ஒன்றுதான்.

வழியில் ஒரு பெரிய நிலையத்தில் ரயில் வெகுநேரம் நின்றது. கைக்குழந்தையோடும் ஒரு இரும்புப் பெட்டியோடும் ஒரு அக்கா மூச்சிரைக்க ஏறி எதிரே உட்கார்ந்தார். ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கியதும் அவர் மாமாவிடம் கேட்டார்.

"ஏங்க, அடுத்த ஜங்ஷன்ல இந்த வண்டி ரெண்டாப் பிரியுமாமே? பாதி மலைப்பக்கம் போகும், பாதி துறைமுகம் போகும்னு பேசிக்கிட்டாங்க. துறைமுகத்துக்கு எந்தப் பெட்டிங்க?"

மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிரியுமா? எனக்குத் தெரியாதே! இருங்க, ஒரு நொடியில பார்த்துச் சொல்றேன்."

கைபேசியில் தட்டினார், தேடினார், முகம் மலர்ந்தார். "இதோ போட்டிருக்கு! 'துறைமுகம் போகிறவர்கள் முன்பக்கப் பெட்டிகளில் உட்காருங்கள்.' நாம கடைசிப் பெட்டியில இல்ல இருக்கோம்! எழுந்திருங்க, எழுந்திருங்க!"

அந்த அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரும்புப் பெட்டியை இழுத்தபடி விறுவிறுவென்று முன்பக்கம் போய்விட்டார். மாமாவும் பையைத் தூக்கினார். கேள்வி மட்டும் அசையவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, காலையில மரமெல்லாம் எனக்கு எதிர்ல வந்துச்சு. இப்ப முதுகுப் பக்கமிருந்து வருது. நான் இடமே மாறலையே. ஏன்?"

"அது... அந்தப் பெரிய ஸ்டேஷன்ல என்ஜினைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினாங்க. அதனால வண்டி திரும்பி ஓடுது. வாம்மா, நேரமில்ல!"

"அப்ப காலையில நம்ம பெட்டிதானே முன்னாடி இருந்துச்சு? கைபேசியில போட்டிருக்கிறது எந்த முன்பக்கம்?"

மாமாவின் கையில் பை அப்படியே நின்றது.

"யார் மாமா இதை எழுதினது?"

"யாரோ ஊர் சுத்துற ஆள் போலிருக்கு."

"எப்ப எழுதினாரு?"

மாமா திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அடடா, மூணு வருஷம் ஆச்சே! வண்டி கிளம்புற ஊர்லயே ஏறினாராம். முன்பக்கத்துல ஜன்னலோரம் கிடைச்சுதாம்."

"அப்ப அவர் சொன்ன முன்பக்கம் நாம இருக்கிற பக்கம்தானோ? மூணு வருஷத்துல அதையும் மாத்தியிருந்தா? ரயில்காரங்களே ஏதாவது போட்டிருக்காங்களா, பாருங்களேன். துணின்னா மட்டும் மூணு தரம் அளப்பீங்க!"

மாமா அசடு வழியச் சிரித்துவிட்டு மறுபடியும் தேடினார். ரயில்வேயின் சொந்தப் பக்கம் மெதுவாகத் திறந்தது. அதில் முன், பின் என்ற பேச்சே இல்லை. துறைமுகம் போகும் பெட்டிகளின் எண்கள்தான் இருந்தன. கேள்வி எழுந்து போய்க் கதவுக்கு மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த எண் கைபேசிப் பட்டியலிலும் இருந்தது.

"நாம சரியான பெட்டியிலதான் இருக்கோம்!" மாமா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த அக்கா?" என்றாள் கேள்வி.

மாமாவின் முகம் வெளிறியது. ரயிலின் வேகம் குறையத் தொடங்கியிருந்தது.

"நாம போயிட்டு வர்றதுக்குள்ள வண்டி பிரிஞ்சிட்டா என்ன பண்றது? உன் பஞ்சுவைப் பார்க்க முடியாதே!"

கேள்வி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு கரையைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து போவாள். ஆனால் அந்த அக்கா கைக்குழந்தையோடு மலைப்பக்கம் போய் என்ன செய்வார்?

"நாமதானே மாமா அவங்களை அனுப்பினோம்?"

மாமா எழுந்துவிட்டார். இருவரும் பெட்டி பெட்டியாக ஓடினார்கள். நீட்டியிருந்த கால்கள், மூட்டைகள், ஒரு தாத்தாவின் குறட்டை, எல்லாவற்றையும் தாண்டிப் போனபோது அந்த அக்கா அப்போதுதான் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்.

"அக்கா, வாங்க! இது மலைப்பக்கம் போற பெட்டி!"

"முன்னாடி போன்னீங்க, வந்தேன். இப்ப திரும்பி வான்னா? நான் எதைத்தான் நம்புறது?" அந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் தப்புதாம்மா. அளந்து பார்க்காம வெட்டிட்டேன்," என்றார் மாமா.

கேள்வி கைபேசியை நீட்டினாள். "இது ரயில்காரங்களே போட்டது அக்கா. இந்தப் பெட்டியோட எண் இதுல இருக்கான்னு நீங்களே பாருங்க."

அந்த அக்கா கதவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அந்த எண் இல்லை. அந்தப் பக்கமாக வந்த டிக்கெட் பரிசோதகரிடமும் கேள்வி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள்.

"சரியாத்தான் சொல்றே, பாப்பா. சீக்கிரம் போங்க, ஜங்ஷன் வந்தாச்சு!"

மாமா இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். கேள்வி குழந்தையின் பால்புட்டியைப் பிடித்துக்கொண்டாள். "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று மாமா போட்ட சத்தத்தில் குறட்டைத் தாத்தாவும் விழித்துக்கொண்டார். அவர்கள் தங்கள் இடத்தில் வந்து விழுந்தபோது ரயில் நின்றிருந்தது. சற்று நேரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். மலைப்பக்கப் பெட்டிகள் கழன்று, மெல்ல நகர்ந்து போய்விட்டன.

தூக்கம் கலைந்த குழந்தை கேள்வியைப் பார்த்துச் சிரித்தது.

துறைமுகத்தில் அவர்கள் ஓடிப்போய் நின்றபோது கப்பல் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மேல்தளம் முழுக்க ஆட்கள். எல்லாத் தலைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. கேள்வி மஞ்சள் குடையை விரித்தாள், மடக்கினாள். விரித்தாள், மடக்கினாள். மூன்றாம் தரமும் விரித்தாள், மடக்கினாள்.

மேல்தளத்தின் மூலையில் பச்சையாக ஒன்று விரிந்தது.

"அது பஞ்சுதானா? இவ்வளவு தூரத்துல எப்படிம்மா தெரியும்?" என்று மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"பொறுங்க மாமா, எண்ணிக்கிட்டிருக்கேன்," என்றாள் கேள்வி. "ஒண்ணு... ரெண்டு..."

மூன்று.