மூடி வைத்த ஐடி

பிரபு மூச்சு விடும் விதத்தில் ஏதோ சரியில்லை என்பதை அமிர்தலிங்கம் முதலில் கவனித்தது காலைப் பலகாரத்தின்போது. தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, மகன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தோள்கள் மெல்ல ஏறின, இறங்கின. தலை சற்றே இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி தோள்கள். மறுபடி தலை. ஐப்பசி மழை கொல்லைத் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகூட அவ்வப்போது முந்தியது, பிந்தியது. மகனின் மூச்சு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"சாப்பிடுடா" என்றார்.

சாப்பிட்டான்.

சொன்னதும் செய்கிற பிள்ளை. அவருக்கு அது பிடித்திருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்புவரை இதே பையன் மச்சு அறையில் படுத்துக்கொண்டு, போனில் முகம் தெரியாதவர்களோடு துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர் 'பண்ணைவீட்டுப் பிரபு'. அந்தப் பெயரில் ஒருநாள் எவனோ ஒருவனின் தாயைப் பற்றி வாய்கூசும்படி பேசியிருக்கிறான். அதை யாரோ பதிவு செய்து அனுப்ப, அது திருவாரூர்வரை சுற்றியது. டீக்கடைக்குள் அந்தக் குரல் ஒலித்தபோது அமிர்தலிங்கம் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் யாரோ அவசரமாகப் போனை அணைத்தார்கள். நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்காக எழுந்து நின்ற ஊர் அன்று தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது.

மகள் ஷோபனாவுக்கு அப்போதுதான் திருவிடைமருதூரிலிருந்து நல்ல இடம் அமைந்திருந்தது.

அன்றே மகனையும் போனையும் இழுத்துக்கொண்டு ஜாஃபர் சாதிக்கின் செல்போன் கடைக்குப் போனார்.

"ஐடியை அழிக்கச் சொல்லிக் குடுத்துட்டேங்கய்யா" என்றான் ஜாஃபர். "ஒரு மாசம் மூடி வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள யாரும் உள்ள போகலன்னா தானா அழிஞ்சிடும். போனா மறுபடி உசுரு வந்துடும்."

"எவனாவது திருடி உள்ள போயி எங்க பேர்ல பேசினா?"

"முடியாதுங்க. பாஸ்வேர்டு மாத்தியாச்சு. நுழையணும்னா உங்க நம்பருக்குத்தான் ஓடிபி வரும். உங்களத் தவிர யாராலயும் தெறக்க முடியாது." சிரித்தான். "நீங்களும் தெறந்துடாதீங்க."

"அப்பா, ஆறு வருஷமா நான் அதுலதாம்பா இருக்கேன்" என்றான் பிரபு.

"இருந்தது போதும்" என்றார்.

அடைத்த மடையைக் காலால் அழுத்திப் பார்க்காமல் அமிர்தலிங்கம் ஒருநாளும் வரப்பேறியதில்லை. கசிகிறதா என்று உடையவன்தான் பார்க்க வேண்டும். ஆள் பார்த்துச் சொன்னால் அவருக்குத் தூக்கம் வராது. ஆகவே மறுநாள் குளித்து, திருநீறு பூசி, பீரோவைத் திறந்து, பட்டு வேட்டிகளுக்கு அடியிலிருந்த மகனின் போனை எடுத்தார். குலதெய்வத்தின் பெயரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார். ஓடிபி வந்தது. உள்ளே போனார். ஜாஃபர் சொன்னது ஊராருக்கு. உடையவன் எட்டிப் பார்ப்பது நுழைவதாகுமா?

திரையில் பெரியதொரு வெற்றுக் கூடம். நடுவில் இரும்புத் தொப்பியால் முகம் மறைத்த ஓர் இளைஞன் நின்றான். தோள்கள் ஏறின, இறங்கின. தலை இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆட்டுவிக்க ஆளில்லாதபோது அந்தப் பொம்மைகள் அப்படித்தான் நிற்கும் போலும். வேறு யாரும் வந்து போன தடயம் இல்லை. ஜாஃபர் காட்டிக் கொடுத்த இடத்தைத் தொட்டு மறுபடி மூடினார். பீரோவைப் பூட்டினார். மனம் குளிர்ந்தது.

மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும்.

ஒரு காலை, அந்தப் பொம்மை சுண்டுவிரலைத் தொப்பிக்குள் விட்டு இடது காதைக் குடைந்தது.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பல் முளைத்த நாளிலிருந்து பிரபுவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கூடத்துக்கு வந்து பார்த்தார். முழங்கால்களில் கை வைத்து மகன் உட்கார்ந்திருந்தான். காதைத் தொடவில்லை. அன்று மாலைவரை தொடவில்லை.

"கொட்டாவி விட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாங்க இவன்?" என்றாள் அவர் மனைவி நாகம்மாள், குரலைத் தாழ்த்தி. "கொசு கடிச்சாகூடத் தட்ட மாட்டேங்குறான்."

"அடங்கிட்டான்னு சொல்லு."

"அடங்கின மாரி இல்லீங்க. ஆளு காலி பண்ணிட்டுப் போன வீடு மாரி இருக்கான்."

"அண்ணனுக்கு நெட்டு கெடைக்கலம்மா" என்றாள் ஷோபனா, புதுப்புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டே. "அதான் அப்படியே சுத்திக்கிட்டு நிக்குது."

தாயும் மகளும் சிரித்தார்கள். அமிர்தலிங்கம் மகனின் அருகில் போய்க் குனிந்தார். இமையின் மேல் ஒரு கொசு வயிறு சிவந்து உப்பி உட்கார்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை. சட்டையில் வியர்வை நாற்றம் இல்லை, எண்ணெய் வாசனை இல்லை. வெகுநேரம் சார்ஜில் கிடந்த போனைக் காதருகே வைக்கும்போது வருமே, சூடேறிய கண்ணாடியின் வாடை, அது வந்தது.

இனிப் பார்க்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தார். ஆனால் பார்க்காவிட்டால்? மாதம் முடியும். அழிந்துவிடும். எது அழியும்? அந்தக் கேள்வியை அவர் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் சாவி தானாகக் கைக்கு வந்தது. பொம்மை கொட்டாவி விட்டது. சோம்பல் முறித்தது. ஒருநாள் திரும்பி அவரைப் பார்த்தது.

நிச்சயதார்த்தத்தன்று விடிந்ததே தெரியாமல் மழை கொட்டியது. மின்சாரம் இல்லை. நண்பகலிலேயே கூடத்தில் குத்துவிளக்கு எரிய, ஈரப் பாயின் வாசனையும் மல்லிகையும் கலந்து கனத்தது. மாப்பிள்ளை வீட்டார் குடவாசல் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. பிரபு பட்டு வேட்டியில் நாற்காலியில் இருந்தான்.

"எழுந்து வாசலுக்கு வாடா."

எழவில்லை.

"பிரபு."

தோள்கள். தலை. தோள்கள்.

கையைப் பிடித்தார். சுட்டது. விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பீரோ. போன். குலதெய்வம். ஓடிபி.

கூடம் இல்லை. முடிவே தெரியாத வெட்டவெளி. கதிரோ வரப்போ இல்லாத தரை. தூரத்தில் ஒருவன். ஓடி வந்தான். தொப்பி இல்லை.

பிரபுவின் முகம்.

வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. அமிர்தலிங்கத்தின் விரல் தவறித் திரையின் இடது மூலையில், பொம்மையை நடத்தும் வட்டத்தில் பட்டது. வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. விரல் மேலே நகர்ந்தது. கூடத்தில் காலடி. ஒன்று. இன்னொன்று.

"எழுந்துட்டான் பாருங்க" என்று நாகம்மாள் குரல் கொடுத்தாள். "நடக்குறான்."

வாசலில் கார் ஹாரன்.

ஜாஃபரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஜாஃபருக்குத் தெரியும். பிறகு டீக்கடைக்குத் தெரியும். பிறகு திருவிடைமருதூருக்கு. அமிர்தலிங்கம் அங்கவஸ்திரத்தை எடுத்து, போன் பிடித்த வலது கையின் மேல் போர்த்திக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். வெளியே வந்தார்.

விரலால் மகனை நடத்தினார். வாசல்படிவரை. சரியாக நின்றான்.

"இவர்தான் பொண்ணோட அண்ணனா?" என்றார் சம்பந்தியாகப் போகிறவர், காலைக் கழுவியபடி. "ஏதோ கேள்விப்பட்டோம்..."

கும்பிட வேண்டும். எந்தப் பொத்தான்? துணிக்கடியில் ஏதோ ஒன்றை அழுத்தினார். பிரபுவின் உடல் அப்படியே முன்னால் சாய்ந்து, நெடுஞ்சாண்கிடையாக, அந்த ஈரக் கால்களுக்கு எதிரே விழுந்தது.

"அடடா" என்றார் அந்தப் பெரியவர். குரல் தழுதழுத்தது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா? வளப்புங்க. எல்லாம் வளப்பு. போதும் தம்பி, எழுந்திருங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். கீழே முதுகு ஏறியது, இறங்கியது. அமிர்தலிங்கம் அங்கவஸ்திரத்தின் ஓரத்தை விலக்கிக் குனிந்து பார்த்தார்.

முகம் கண்ணாடிக்கே வந்துவிட்டிருந்தது. திரை முழுவதும் அவன்தான். இரண்டு உள்ளங்கைகளும் உள்பக்கமிருந்து அறைந்தன. ஒவ்வோர் அறையும் அவர் கையில் அதிர்ந்தது. உதடுகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அப்பா. அப்பா.

எழுந்து நிற்கும் ஆள் படம் போட்ட பொத்தான் அந்த வாயின் மேல்தான் இருந்தது.

"வாங்க, உள்ள வாங்க" என்றார் அமிர்தலிங்கம், சம்பந்தியைப் பார்த்துச் சிரித்து. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். காலடியில் மகன் எழுந்து நின்றான். விரலுக்கடியில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.