உள்ளே இருப்பவர்கள்

திரையில் நான்கு பெயர்கள் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன.

இன்னாசி. லூர்துமேரி. அவற்றுக்குக் கீழே ராஜாமணியும் செல்லியும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. ஸ்தனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். சேலத்திலிருந்து மழையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்கு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான் ரிப்பேர் பார்க்கிறவர். அந்த வாரம் எந்த ராத்திரியும் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஆபீஸ் முன்பு நிலக்கடலைக் கிடங்கு. மலை ஊர்களில் வீடு வீடாகப் போய் எடுத்த நோய் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் எண்பத்தேழில் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. வெள்ளையடித்து ஒரு வருடமாகியும் சுவருக்குள்ளிருந்து பழைய எண்ணெய்ச் சிக்கும் நனைந்த சாக்கும் கலந்த வாடை வந்துகொண்டே இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை இடைவிடாமல் இரைந்தது. அதற்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறி, சளி கட்டிய நெஞ்சு மூச்சு விடுவதைப் போல, சீராக ஓடியது.

ஆபீஸில் லூர்துமேரி மட்டும்தான் இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். அவளையும் சேர்த்து நான்கு ஆபரேட்டர்கள்; அவள்தான் பொறுப்பு. நடந்ததை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். பதினைந்து நாளைக்கு முன்பு சித்தேரி மலையில் சர்வே முடித்து இறங்கிய ஜீப் ஒரு வளைவில் உருண்டுவிட்டது. அதில் போனவர்கள் ராஜாமணியும் செல்லியும்; சர்வே தாள்களும் ஓடையோடு போயின. செல்லி அந்த மலைக்காரப் பெண். அவள் ஊரில் பத்தாவது முடித்த முதல் பெண். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் லூர்துமேரி அன்று போகவில்லை. இன்னாசி அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை. இறந்தவர்கள் பாதியில் விட்ட ஊர்களை இப்போது அவள்தான் முடிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பட்டியல் போனால்தான் மலைக்கு மருந்து வண்டி கிளம்பும். ஆனால் திரையில் அவர்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து நுழைந்தால்தான் அவர்கள் ஏற்றியது திறக்கும். பெயரே இல்லை.

"செத்துட்டாங்கன்னு யாரோ எடுத்துட்டாங்க போலங்க சார்," என்றாள். "எடுத்ததுகூடப் பரவால்லீங்க. வேலைய முடிச்சுட்டு எடுத்திருக்கலாம்."

யாரும் எடுக்கவில்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆட்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கும் இடத்தில் நான்கு பெயர்களும் அப்படியே இருந்தன. திரைக்கு மட்டும் இரண்டுதான் வந்தன. ஸ்தனிஸ்லாஸ் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். இரண்டு பெயர்கள். ஃபிளாப்பியிலிருந்த பழைய நகலை ஏற்றி, மறுபடி அணைத்துப் போட்டார். இரண்டு பெயர்கள். லூர்துமேரி கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மூன்று மணிக்கு மேல், பெயர்களைத் திரைக்குக் கொண்டுவரும் புரோகிராமை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். அதை எழுதிய கோவிந்தன் வேலையை விட்டு பெங்களூர் போயிருந்தான். நடுவில் ஒரு இடத்தில் அவன் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். ஒரே ஆள் பெயரில் இரண்டு பேர் நுழைந்துவிடாமல் இருக்க, ஏற்கனவே உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்களின் பெயரைப் பட்டியலில் காட்டாதே என்று எழுதியிருந்தான்.

ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியில் சாய்ந்தார். இவ்வளவுதானா என்று இருந்தது. பெயர்கள் காணாமல் போகவில்லை. உள்ளே இருக்கின்றன.

பிறகுதான் உறைத்தது. அணைத்துப் போட்டால் உள்ளே யாரும் இருக்க முடியாது. இன்று மட்டும் இரண்டு முறை அணைத்திருக்கிறார்.

இப்போது உள்ளே யார் யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். அவர் பெயரோடு இன்னும் இரண்டு வரிகள் வந்தன. ராஜாமணி. செல்லி. இருவரும் நுழைந்த நேரம் பிற்பகல் இரண்டு நாற்பது. அவர் கடைசியாக அணைத்துப் போட்ட நேரம். இருவரும் நான்காவது இணைப்பில்.

அந்த அறையில் மேஜைகள் மூன்று, திரைகளும் கீபோர்டுகளும் மூன்று.

கம்ப்யூட்டரின் பின்பக்கம் நான்காவதாக ஒரு சாம்பல் நிற ஒயர் செருகியிருந்தது; அது சுவரேறிப் பின்னறைக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை என்றாள் லூர்துமேரி. இன்னொரு திரை வரும் என்று ஒயர் மட்டும் இழுத்து, ஒரு பலகை மேஜையும் போட்டார்கள், திரை வரவேயில்லை. ஸ்தனிஸ்லாஸ் குனிந்து ஒயரைப் பிடுங்கினார். கையில் சில்லென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது. சுவரில் மழைநீர் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

திரையில் நான்கு பெயர்களும் வந்தன.

லூர்துமேரி முதல் முறையாகச் சிரித்தாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து செல்லியின் பெயரில் நுழைந்தாள். கொஞ்ச நேரம் அவள் விரல் ஒரே விசையைத் தட்டிப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"சார், இது முடிஞ்சிருக்குங்க."

எல்லா ஊர்களும் ஏறியிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஜீப் உருண்டபோது பள்ளத்து ஓடையில் போன தாள்களில் இருந்தவர்கள். ஏற்றிய தேதிகள் நேற்று, முந்தாநாள், இன்று. கடைசிப் பதிவை அவள் வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் தேய்ந்தது.

"பேரு செல்லி. வயசு இருபத்திரண்டு. காய்ச்சல் இல்ல. இருமல் இல்ல. வலி இல்ல. தூக்கம்..."

அவள் நிறுத்திவிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். தூக்கம் என்ற இடத்துக்கு எதிரே, 'இல்லை' என்ற சொல் பக்கம் முடியும் வரை திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டிருந்தது.

அவர் தன் திரைக்குத் திரும்பினார். நகல் எடுத்துவிட வேண்டும், எடுத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டியலில் இன்னாசி மட்டும் இருந்தான். செல்லி இல்லை, அவள் பெயரில் லூர்துமேரி நுழைந்திருக்கிறாள், சரி. ராஜாமணி இல்லை. லூர்துமேரியும் இல்லை.

யார் உள்ளே என்று கேட்டார்.

செல்லி. இரண்டாவது இணைப்பு, பக்கத்து மேஜை. ராஜாமணி. நான்காவது இணைப்பு. லூர்துமேரி. நான்காவது இணைப்பு.

பிடுங்கிய ஒயர் அவர் காலடியில் கிடந்தது.

"ஏங்க," என்று திரும்பினார். பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. அவளுடைய செருப்புகள் மேஜைக்குக் கீழே ஒழுங்காக விடப்பட்டிருந்தன. பின்னறைக் கதவு திறந்திருந்தது. மழை விட்டிருந்தது. எப்போது விட்டதென்று தெரியவில்லை.

விட்ட மழைக்குப் பின்னால் வேறொரு சத்தம்.

டக். டக் டக். டக்.

கீபோர்டு சத்தம். ஒரு ஆள் அடிப்பதல்ல.

வாசல் பக்கம் ஐந்து அடி. பின்னறை எட்டு அடி. வாசல் பக்கம்தான் போக நினைத்தார். ஆனால் அவளுக்கு வீட்டில் ஒரு குழந்தை இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தை.

பின்னறைக் கதவருகே போய் நின்றார்.

ஒரே ஜன்னல். அதில் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம். நீளப் பலகை மேஜை. திரை இல்லை. கீபோர்டு இல்லை. நடுவில் லூர்துமேரி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் வெறும் பலகையைத் தட்டின. சத்தம் மட்டும் விசைகளின் சத்தம்.

"லூர்துமேரி. எந்திரிங்க. போலாம்."

அவள் திரும்பவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த குரலில் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க."

சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்தார். ஆனால் எவ்வளவு களைப்பு. நின்றுகொண்டே தூங்கிவிடுகிற களைப்பு. யாரோ கேட்கிறார்கள், சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்கிற களைப்பு. தன் குரல் தன் பெயரைச் சொல்வதைக் கேட்டார்.

"வயசுங்க?"

நாற்பத்து மூன்று.

அவளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் பலகையில் யாரும் துடைக்காத தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில், அவர் சொல்லச் சொல்ல, விரல்நுனி அளவு ஈரக் குழிகள் விழுந்தன. ஒவ்வொன்றாக. இரண்டு பக்கமும். எழுத்து எழுத்தாக.