உலகமரத்தின் கடைசிப் பாகம்

கானிமீட்டில் யாரும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. வியாழனைச் சுற்றும் அந்தப் பனி நிலவில், தேர்வு முடிவு வர இரண்டு மாதமாகும் என்றால் இரண்டு மாதம் தூங்கிவிடுவார்கள். பூமியிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கும்வரை பெண் தூங்குவாள். உறைதுயில் கூடத்தில் நானூறு படுக்கைகள். உடலைக் குளிர்வித்து, மூப்பையும் நோயையும் அப்படியே நிறுத்திவைப்பவை. மருந்து வந்து சேரும்வரை நோயாளிகள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றுதான் முதலில் அவற்றைச் செய்தார்கள். இப்போது நோயாளிகள் வரிசையில் நின்றார்கள்.

செந்தாழை விழித்ததும் கண்ணைக்கூடத் துடைக்காமல், "வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

கூடத்தின் மேற்பார்வையாளர் ரெஜினா சிரித்தபடி தடித்த புத்தகம் ஒன்றை அவள் மடியில் வைத்தாள். 'உலகமரத்தின் பிள்ளைகள்', ஆறாவதும் கடைசியுமான பாகம்.

முதல் பாகத்தைப் பதினைந்து வயதில் செந்தாழையும் அவளோடு இரட்டையராகப் பிறந்த பரிதியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். வடதுருவத்துத் தேவர்கள் சங்கிலியில் கட்டிப்போட்ட ராட்சச ஓநாய்க்கு, சிக்னி என்ற கொல்லன் மகள் திருட்டுத்தனமாய்த் தீனி போடும் கதை. அடுத்தடுத்த பாகங்கள் நான்கைந்து ஆண்டுக்கு ஒன்றாகத்தான் வந்தன. செந்தாழைக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் விழித்தாள், படித்தாள், தூங்கினாள். பரிதி தூங்கவில்லை. "வீட்ல யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்ல" என்றான். நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் நடுவில் அம்மா இறந்துபோனாள். விழித்ததும் செய்தி கேட்டு செந்தாழை இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் புத்தகத்தைப் பிரித்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது, அவனுக்கு முப்பத்தொன்பது.

விழித்தவர்களுக்கு மூன்று நாள் ஓய்வு உண்டு. கட்டைவிரல் ரேகை வைத்து வெளியேறும்வரை படுக்கை அவர்களுடையது.

முதல் அத்தியாயத்திலேயே உலகமரத்தின் வேர் விரிசல் விட்டது. மரத்தில் மேலும் கீழும் ஓடிக் கோள்மூட்டும் அணில், பேச வார்த்தையின்றி நின்ற இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். நரைத்த தலை, ஒட்டிய கன்னம். அப்பாவோ என்று ஒரு கணம் நினைத்தாள். பரிதி!

"தாழை, கொஞ்சம் பேசணும்" என்றது ஒலிபெருக்கி.

"டேய், முடிவைச் சொல்லித் தொலைச்சிடாத! இரு, முடிச்சிட்டு வந்துடறேன்."

"நான் இன்னும் படிக்கவே இல்ல. நீ படிச்சதும் படிக்கலாம்னு வச்சிருக்கேன்" என்று சிரித்தான். வெளியே இருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாளும் அங்கேயே இருந்தான். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஐந்து விரலைக் காட்டினாள். இன்னும் ஐந்தே அத்தியாயம். அவன் தலையாட்டினான். கடைசி அத்தியாயங்களை அவள் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தாள். சூரியனை விழுங்க வாய் திறந்த ஓநாய், சிக்னியின் குரல் கேட்டுத் திரும்பியபோது தேம்பித் தேம்பி அழுதாள். இப்படியொரு ஆனந்தத்துக்கு இருபத்துநான்கு ஆண்டு தகும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் ரேகை வைத்துவிட்டு, புத்தகத்தை அணைத்தபடி ஓடிவந்தாள். பலகையில் ஆளில்லை.

"உங்க அண்ணன் பரிசோதனை அறையில இருக்காரும்மா" என்றாள் ரெஜினா.

"அண்ணன் இல்லக்கா, ரெட்டை. பரிசோதனை எதுக்கு?"

ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நுரையீரல் கெட்டுப்போச்சு. பூமியிலேருந்து மருந்து வர பதினோரு மாசம் ஆகும். உன் படுக்கை குடும்பப் பேர்ல இருக்கறதால நீ எழுந்ததும் அவருக்குத்தான் முறை. ஆனா இப்ப இதயம் அந்தக் குளிரைத் தாங்காதுன்னு டாக்டர் எழுதிட்டார். முந்தாநாள் படுத்திருந்தா பிழைச்சிருப்பார்."

"முந்தாநாளே வந்துட்டானே..."

"சொல்லலாம்னு நான் வந்தேன். அவர்தான் விடல. 'இத்தனை வருஷமா இதுக்காகவே படுத்துக் கிடந்தா, நிம்மதியா முடிக்கட்டும், ரெண்டு நாள்ல எனக்கு ஒண்ணும் ஆயிடாது'ன்னார்."

செந்தாழை திரும்பிப் பார்த்தாள். அவள் படுக்கையில், அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் கால்பந்து இறுதியாட்டத்துக்காக ஒரு தடித்த மனிதர் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தார்.

பரிதி சாய்வு நாற்காலியில் இருந்தான். மூச்சு சீட்டியடித்தது. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "எப்படி இருந்துச்சு?"

அவள் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். "ஏன்டா கதவை உடைக்கல?"

"நீ சிரிச்சதைப் பார்த்தேன். எவ்வளவு நாளாச்சு அதைப் பார்த்து."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒரு வாரம். அதுவும் சந்தேகம்தானாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினாள். "நான் வாசிக்கிறேன், நீ கேளு."

"மொத்தம் எத்தனை பக்கம்?"

"அறுநூத்திப் பத்து."

பரிதி கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். "கடைசி அத்தியாயத்தை முதல்ல வாசி, தாழை."

கூடாதுடா, அது பாவம் என்று பழக்கத்தில் தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவள் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தாள்.