ஐந்தாவது ஆள் வெளியே வரவில்லை

செட்டியார்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து, ராஜபாளையத்தில் அந்த நூற்பு மில்லின் மாடிப்படி ஏறிய சோலைராஜுக்கு அன்று வயிறு குளிர்ந்திருந்தது. கூட வேலை பார்த்த தனுஷ்கோடி மஞ்சள் காமாலையில் செத்துப் பதினேழு நாள் ஆகிறது. கம்ப்யூட்டர் அறையில் தலைமை நாற்காலி காலி.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. நாலு பிராசஸர் கொண்ட பெரிய மெஷினுக்கு, அதை ஓட்டும் அடிப்படை நிரலான கர்னலை அந்த மாடியில்தான் எழுதினார்கள். எழுதியது மூன்று பேர், பேர் வாங்கியது தனுஷ்கோடி ஒருத்தன். செத்த பிறகும் மேனேஜர் சங்கரலிங்கம் அவன் புகழையே பாடினால் யாருக்குத்தான் எரியாது?

ஏசி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் ஒரு ஜோடி கிடந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், பூட்டக் கூடாது. இந்த வழக்கத்தையே தனுஷ்கோடி கர்னலுக்குள் வைத்துவிட்டான். ஒரு பதிவைப் படிக்க நுழையும் பிராசஸர் தன் எண்ணை வாசலில் விட்டுப் போகும், முடித்ததும் எடுத்துக்கொள்ளும். பட்டியலிலிருந்து நீக்கிய பதிவுக்குப் புதிதாக யாரும் போக முடியாது. ஆனால் முன்பே உள்ளே போனவர்கள் வெளியே வரும்வரை, அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அன்று பொருமிய சோலைராஜ், இன்னும் பொருமிக்கொண்டுதான் இருந்தான்.

மூன்று மணிக்கு மெஷினைப் பார்வையிடச் சென்னைக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் தலைமை யார் என்று காட்டும் பதிவில் தனுஷ்கோடி பெயர் போய்த் தன் பெயர் வர வேண்டும். நீக்கும் கட்டளையைத் தட்டினான்.

திரை அப்படியே நின்றது.

'காத்திருக்கவும். உள்ளே இருப்பது: எண் 5.'

"நம்மகிட்ட நாலுதானண்ணே இருக்கு?" என்றாள் கூட வேலை பார்க்கும் ஜரீனா.

"ஏதோ பிழை."

ஒரு மணி நேரம் ஆயிற்று. எண் ஐந்து வெளியே வரவில்லை. மின்சாரம் போய் ஏசி ஓய்ந்தது, மெஷின் பேட்டரியில் ஓடியது. குளிர் மட்டும் ஓயவில்லை. மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

தாள் புரளும் சத்தம்.

அந்த அறையில் தாளே கிடையாது.

"வேண்டாம்ணே," ஜரீனா கிசுகிசுத்தாள். "யாரோ இன்னும் படிச்சிட்டிருக்காவ. அவிய வாரதுக்குள்ள இடத்தக் குடுத்தா, அவிய கையில ஒங்க பதிவுல்லா இருக்கும்?"

"செத்தும் என்னைக் காக்க வைக்கிறானா? எம்புட்டு நாளுதான் அவன் பின்னாலயே நிக்கது?"

கர்னலில் காத்திருக்கச் சொல்லும் நாலு வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். ஒரு நொடியில் பழைய இடம் விடுபட்டது. அதே இடத்தில் சோலைராஜ் என்று பெயர் விழுந்தது.

தாள் புரளும் சத்தம் நின்றது.

மூன்று மணிக்கு மெஷின் பறந்தது. சென்னைக்காரர்கள் கைதட்டினார்கள். "இன்னைக்கிருந்து நீதாம்ல தலைமை!" என்று சங்கரலிங்கம் முதுகில் தட்டினார். சோலைராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிளம்பும்போது திரையில் 'உள்ளே இருப்பது: சோலைராஜ்' என்றிருந்ததைப் பார்த்து ஜரீனா வெளிறிப் போனாள்.

"அண்ணே, நீங்க இங்க நிக்கிய. ஒங்க பேர்ல உள்ள யாரு இருக்கா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டான். பஸ்ஸில் இவனைக் கண்டால் இடம் போடும் கண்டக்டர் அன்று ஊர் பேர் தெரியாதவனைப் போலப் பார்த்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி குருவம்மாள் திறந்தாள். கையில் குழம்புக் கரண்டி. முகம் நிறையச் சிரிப்பு. கல்யாணமான ஆறு வருஷத்தில் அப்படியொரு சிரிப்பை அவன் கண்டதில்லை.

"யாருங்க வேணும்?"

"ஏட்டி, என்ன விளையாட்டு? நான்தான்."

சிரிப்பு மறைந்தது. அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவியளப் பாக்க வந்தியளா? அவிய அப்பமே வந்துட்டாவ. உள்ள சாப்பிடுதாவ."

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. பதினேழு நாளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்ணுக்குள் வைத்த குரல்.

"யாருட்டி அது?"

"தெரியலிங்க," என்றபடி குருவம்மாள் தாழ்ப்பாளைப் போட்டாள். "யாரோ வீடு மாறி வந்துட்டாவ."