வடவாசலின் தாழ்ப்பாள்

முப்பத்தேழாம் பக்கத்தில் தளபதி கோவேள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

தூத்துக்குடியில் ஆறு வருடமாக 'கருங்கோட்டை' சித்திரக்கதையை வரைபவள் ஜெசிந்தா. அவள் வரைவது உயிர்க்கட்டங்களில். ஆளை வரைந்து குணத்தை ஏற்றிவிட்டால் போதும், தாளுக்குள் ஓடும் நினைவிழை அவர்களை நடக்கவும் பேசவும் வைத்துவிடும். கதைப்படி கோவேள் வடவாசலைத் திறந்து எதிரியை உள்ளே விடவேண்டும். அவனைக் காதலித்து நம்பிய இளவரசி ஆதிமங்கை சாகவேண்டும். பிறகு அவன் குற்ற உணர்ச்சியில் வெந்து புலம்புவதைப் படிக்கத்தான் லட்சம் பேர் காத்திருந்தார்கள்.

"திறக்கமாட்டேன்," என்றான் கோவேள். "சோதனை என்று நீங்கள் புரட்டிய ஒவ்வொரு முறையும் அவளைக் கொன்றிருக்கிறேன். எல்லாம் நினைவிருக்கிறது."

ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு அங்குலக் கட்டத்துக்குள் ஒரு மனசாட்சி முளைத்திருந்தது! மாதா கோயிலில் நிற்பதுபோல அவள் கைகூப்பினாள்.

பதிப்பாளர் பொன்ராஜ் அண்ணாச்சி அசரவில்லை. "நெனப்ப அழிச்சு விடும்மா. தொறந்துட்டுப் போறான்."

"மாட்டேன் அண்ணாச்சி. பாவம், ஒரு தடவையாவது அவகூட வாழட்டுமே."

"அப்ப முடிவு? சனங்க அழணும்லா?"

அதற்கு ஜெசிந்தா ஒரு வழி செய்தாள். வாசலின் தாழ்ப்பாளைக் கட்டத்துக்கு வெளியே, பக்கத்தின் ஓரத்தில் வரைந்தாள். கோவேளால் அதைத் தொடமுடியாது. வாசகர் விரல் வைத்தால்தான் திறக்கும்; வைக்காமல் புரட்டினால் காதலர் இருவரும் பிழைப்பார்கள். இதைக் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தாள். கல் நெஞ்சுக்காரர்கூடத் தொடமாட்டார் என்று மனதார நம்பினாள்.

புத்தகம் வெளியான நான்காம் நாள் கடிதங்கள் வந்து குவிந்தன. இளவரசி செத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். கூடவே எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: 'நான் தாழ்ப்பாளைத் தொடவில்லை, தானாகத் திறந்துகொண்டது.'

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏம்மா, அது தானாத் தொறக்குமா?"

"தொறக்காது அண்ணாச்சி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "அச்சுக்குப் போறதுக்கு முன்னால தொடாமப் பொரட்டிப் பாத்தேன், தொறக்கல. பெறவு நானே தொட்டேன். சரியா வேல செய்யுதான்னு பாக்கத்தான்..."

முதல் பிரதி மேசைமேல் மூடியபடி கிடந்தது. அதைத் திறந்து கோவேளின் முகத்தில் விழிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.